பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே புரோகிராமிங் கற்க எங்கே தொடங்குவது?

பி.காம் முடித்து பெங்களூரில் கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள், மாரத்தஹள்ளியில் பயிற்சி மையத்தில் பணம் கட்டிச் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியை இலவசமாக இறக்கிக்கொண்டு, உங்களுக்கே தேவைப்படும் ஒரு சின்னக் கணக்கில் ஆரம்பியுங்கள்.

அறையில் மூன்று பேர் என்றால், வாடகையையும் கரன்ட் பில்லையும் கேட்டு வாங்கிக் கூட்டி, மூன்றால் வகுக்கும் நிரல் போதும். 18000, 900 என்று தட்டுவீர்கள். 18900 வராது, 18000900 என்று வந்து நிற்கும். நீங்கள் தட்டுவதை வாங்கும் இன்புட் (input) கட்டளை எதையும் எழுத்தாகத்தான் வாங்கும். இன்ட் (int) கட்டளை போட்டு எண்ணாக மாற்றினால்தான் கூட்டும், இல்லாவிட்டால் ஒட்டிவிடும். அப்படியே வகுக்கப் போனால் டைப் எரர், அதாவது எழுத்தை எண்ணால் வகுக்க முடியாது என்ற பிழைச் செய்தி வரும். பயப்படாமல் அந்தச் செய்தியின் கடைசி வரியை முதலில் படியுங்கள், சிக்கல் என்னவென்று அங்கேதான் இருக்கும். இப்படி நீங்களே திணறித் திருத்துவதுதான் படிப்பு. வீடியோ மட்டும் பார்த்தால் எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும், கை வராது.

இங்கிலீஷ் தடையென்றால் ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுட்டோரியல் தளத்தில் தமிழ்ப் பாடங்கள் இலவசமாகவே இருக்கின்றன. ஜாவா, சி போன்ற மற்ற மொழிகளை அப்புறம் பார்க்கலாம். அடுத்து, எக்செல்லில் இருக்கும் உங்கள் சொந்தச் செலவுக் கணக்கை சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த எளிய எழுத்துக் கோப்பு) சேமித்து, பைத்தானில் திறந்து மாதவாரியாகக் கூட்டிப் பாருங்கள்.