இ.எஃப். 30 சதவீதம்: ஐ.சி.டி. கருவிக்கு எம்.ஆர்.ஐ. வரை காத்திருக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. கைத்தறி நெசவாளர்; சர்க்கரை நோய் இல்லை. மூச்சு வாங்கியதால் எக்கோ எடுத்ததில், இதயத் தசை தளர்ந்து இ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் விகிதம்) 30 சதவீதம் என்று வந்தது. ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை. உடனே ஐ.சி.டி. (ஆபத்தான துடிப்பை மின் அதிர்ச்சி கொடுத்துச் சீராக்க உடலுக்குள் வைக்கும் கருவி) பொருத்த வேண்டும் என்கிறார் ஒரு டாக்டர். மூன்று மாதம் மாத்திரை, பிறகு இதய எம்.ஆர்.ஐ. என்கிறார் இன்னொருவர். காத்திருந்தால் ஆபத்தா? எம்.ஆர்.ஐ. மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும், செல்போனால் கருவி ஷாக் அடிக்கும் என்றெல்லாம் யூடியூபில் சொல்கிறார்கள். நாடித்துடிப்பு 58க்கு இறங்கியதால் மெட்டோப்ரோலால் மாத்திரையைப் பாதியாக்கிவிட்டோம். சென்ற வாரம் தறியில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று சரிந்து நெற்றியில் அடிபட்டது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் சரியாகிவிட்டார்.
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: அவரை எழுப்பியது சர்க்கரைத் தண்ணீர் அல்ல. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்காத ஒருவருக்குச் சர்க்கரை தாழ்ந்து இப்படி நொடியில் நினைவு தப்புவதில்லை. இதயத்தின் கீழறையில் துடிப்பு தாறுமாறாக ஓடி, ரத்த ஓட்டம் சில நொடிகள் நின்று, பிறகு தானாகவே சீரடைந்திருக்கலாம் என்றுதான் நான் சந்தேகிக்கிறேன். இந்தப் பதிலைப் படித்த அன்றே அவரை வேலூரில் இதயப் பிரிவு உள்ள மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் வண்டி ஓட்ட வேண்டாம். எக்கோ அறிக்கை, பழைய இ.சி.ஜி., மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, 'இ.எஃப். 30, உட்கார்ந்திருக்கும்போது முன்னறிவிப்பில்லாமல் நினைவிழந்து விழுந்தார்' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். போவதற்குள் மீண்டும் விழுந்தால் 108ஐ அழைத்துவிடுங்கள்.

மயக்கம் எல்லாம் ஒன்றல்ல. வெயிலில் வரிசையில் நெடுநேரம் நின்றவருக்கு முதலில் வியர்க்கும், குமட்டும், கண் இருட்டும், பிறகு மெல்லச் சாய்வார். அது பெரும்பாலும் அச்சப்பட வேண்டியதல்ல. உங்கள் கணவரோ உட்கார்ந்த நிலையில், கையை ஊன்றக்கூட நேரமின்றி, நெற்றியில் அடிபடும்படி விழுந்திருக்கிறார். தளர்ந்த இதயம் உள்ள ஒருவருக்கு இப்படி நேர்வதை, இன்னொரு காரணம் நிரூபிக்கப்படும் வரை, உயிருக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறாகவே நாங்கள் கருதுகிறோம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மூன்று மாதம் காத்திருக்கச் சொன்ன டாக்டர் தவறாகச் சொல்லவில்லை. அவருக்கு இந்த மயக்கம் தெரிந்திருக்காது. புதிதாகக் கண்டறியப்பட்ட இதயத் தளர்ச்சியில் குறைந்தது மூன்று மாதம் முழு அளவில் மருந்து கொடுத்துப் பார்த்து, அதன் பிறகும் இ.எஃப். 35க்கு மேல் ஏறாவிட்டால்தான் ஐ.சி.டி. பற்றி முடிவெடுப்பது என்பது பொது வழக்கம், ஏனெனில் கணிசமானோருக்கு மருந்திலேயே இதயம் தேறிவிடுகிறது. உங்கள் கணவருக்கும் அந்த வழக்கம் பொருந்தியது, அவர் தறியில் விழும் வரை. விழுந்த பிறகு கணக்கு மாறிவிட்டது. ஆபத்தான துடிப்பு பதிவானால் மூன்று மாதம் என்ற பேச்சுக்கே இடமில்லை, பதிவாகாவிட்டாலும் காரணம் தெரியாத மயக்கமே கருவியைப் பரிசீலிக்கப் போதுமானது.

அப்படியானால் எம்.ஆர்.ஐ. வேண்டாமா? வேண்டும், இயன்றால் மருத்துவமனையில் சேர்த்து மானிட்டரில் வைத்திருக்கும்போதே. எக்கோ சொல்லும் இ.எஃப்., இதயம் எவ்வளவு பலத்துடன் சுருங்குகிறது என்பதைத்தான் காட்டும். அதே ஆளுக்கு இருவர் அளந்தால் ஐந்து புள்ளிக்கு மேல்கூட மாறலாம். துடிப்பு தடம் புரள்வதற்கு முக்கியமான காரணம் தசையில் உள்ள தழும்பு. காடோலினியம் மருந்தைச் செலுத்திப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் படம் எடுத்தால், நல்ல தசையிலிருந்து மருந்து வடிந்துவிடும், தழும்பில் மட்டும் தங்கி வெள்ளையாகத் தெரியும். மின்னோட்டம் அந்தத் தழும்பைச் சுற்றிச் சுழன்றுதான் ஆபத்தான வேகத்துடிப்பு பிறக்கிறது. அடைப்பில்லாத இதயத் தளர்ச்சி உள்ள 472 பேரைத் தொடர்ந்து கவனித்து லண்டனிலிருந்து 2013இல் வெளியான ஆய்வில், இதயச் சுவரின் நடுவே தழும்பு இருந்தவர்களில் 29.6 சதவீதத்தினருக்குத் திடீர் மரணமோ அதற்கு நிகரான துடிப்புக் கோளாறோ நேர்ந்தது; தழும்பு இல்லாதவர்களில் அது 7 சதவீதம்தான். 7 என்பது பூஜ்யம் அல்ல என்பதையும் கவனியுங்கள்: படம் சுத்தமாக இருந்தாலும் விழுந்தது விழுந்ததுதான்.

இப்படித் தேர்ந்தெடுத்துப் பொருத்த வேண்டியதன் காரணம், கருவி எல்லோருக்கும் ஒரே அளவு பயன் தருவதில்லை என்பதே. டென்மார்க்கில் இதே வகை நோயாளிகள் 1,116 பேரிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வில், ஐ.சி.டி. திடீர் மரணத்தை 8.2 சதவீதத்திலிருந்து 4.3 ஆகக் குறைத்தது. ஆனால் மொத்த மரணங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. வயது குறைந்தவர்களுக்கு மட்டும் பயன் தெளிவாக இருந்தது. 46 வயது அந்தப் பக்கத்தில்தான் வருகிறது. மேலும், நம் நாட்டில் காசநோயும், சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோயும் இதயத் தசையில் தங்கி இப்படித் தழும்பு உண்டாக்குவதுண்டு, எம்.ஆர்.ஐ. அந்தச் சாயலைக் காட்டினால் சிகிச்சையே வேறு வழியில் செல்லும். கருவி பொருத்திய பிறகு எடுக்கும் படத்தில் அதன் உலோகம் நிழலடித்துத் தழும்பை மறைக்கக்கூடும் என்பதால், முன்பே எடுத்துவிடுவது நல்லது.

காடோலினியம் பற்றிய எச்சரிக்கை சிறுநீரகம் ஏற்கெனவே மிகவும் பழுதானவர்களுக்கு உரியது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். செல்போனைச் சட்டைப் பையில், கருவியின் மேல் வைக்காமல், ஒரு சாண் தள்ளி வைத்தால் போதும். யூடியூபை மூடிவிடுங்கள்.

மாத்திரையைப் பாதியாக்கியதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. இந்த நோயில் நாடி 58 என்பது மெட்டோப்ரோலால் சரியாக வேலை செய்வதன் அடையாளம்; திடீர் மரணத்தைத் தடுக்கும் மருந்துகளில் அதுவும் ஒன்று, அதைத்தான் நீங்கள் குறைத்திருக்கிறீர்கள். அளவை நீங்களாக மீண்டும் கூட்டவும் வேண்டாம், எப்போது குறைத்தீர்கள் என்பதை மறைக்காமல் அங்குள்ள டாக்டரிடம் சொல்லுங்கள். இடுப்பு வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால், அதையும் சொல்லி அன்றோடு நிறுத்துங்கள். அவருடைய உடன்பிறந்தவர்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் ஒருமுறை எக்கோவும் இ.சி.ஜி.யும் எடுக்க வேண்டும். ஆனால் அதற்கு அவசரமில்லை, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.