கறுப்புக் கட்டிகளில் எழுந்த கும்பி சாலே

கேள்வி: கனடாவில் ஒரு சிற்பி, பிள்ளைகள் விளையாடும் லெகோ கட்டிகளால் ஆப்பிரிக்க நகரம் ஒன்றைக் கட்டியிருக்கும் படம் பார்த்தேன். எல்லாமே கறுப்பு. ஏன் ஒரே நிறம்? இதையெல்லாம் சிற்பம் என்று சொல்லலாமா?

பதில்: தாராளமாகச் சொல்லலாம். நீங்கள் பார்த்தது எக்கோ நிமாகோவின் 'கும்பி சாலே 3020' ஆகத்தான் இருக்க வேண்டும். கானா வம்சாவளியில் வந்தவர், டொரண்டோவில் இருக்கிறார். 2019-இல் அங்குள்ள ஆகா கான் அருங்காட்சியகத்தில் இந்த நகரத்தைக் காட்சிக்கு வைத்தார்கள். சுமார் ஒரு லட்சம் துண்டுகள்.

அந்த லட்சத்தைத்தான் எல்லோரும் முதலில் சொல்கிறார்கள். எனக்கு அது பெரிதில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நிறம் ஒன்றே என்பதால், சுவர் எங்கே முடிகிறது, கோபுரம் எங்கே தொடங்குகிறது என்பதை வெளிச்சம்தான் பிரித்துக் காட்டுகிறது. குமிழ் வைத்த பரப்பு புள்ளி புள்ளியாக மின்னும். வழவழப்பான துண்டு பளிச்சென்று தெறிக்கும். இடுக்குகளில் நிழல் விழும். கல்லில் செதுக்குபவரும் ஒளியையும் நிழலையும் நம்பித்தானே உளி பிடிக்கிறார்?

நிறத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. லெகோவின் குட்டி மனிதர்கள் 1978-இல் மஞ்சள் முகத்தோடு வந்தார்கள். மனிதர்களின் உண்மையான தோல் நிறங்கள் அந்த முகங்களுக்கு வர 2003 ஆனது. நிமாகோ அதே கட்டிகளில் கறுப்பை மட்டும் எடுத்து மனிதர்களையும் முகமூடிகளையும் செய்கிறார். அவை யாருடைய உருவங்கள் என்பதில் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது.

கேள்வி: கும்பி சாலே கற்பனை ஊரா? 3020 எதற்கு?

பதில்: நிஜ ஊர். பழைய கானா பேரரசின் தலைநகர் என்று கருதப்படுவது. இடிபாடுகள் இன்றைய மௌரித்தானியாவின் தென்கிழக்கில் இருக்கின்றன. இன்றைய கானா நாடு 1957-இல் விடுதலை பெற்றபோது அந்தப் பேரரசின் பெயரை எடுத்துக்கொண்டது, நிலம் வேறு.

சோனின்கே மக்களின் அந்த அரசு, தங்கமும் உப்பும் கைமாறும் பாதையில் செழித்தது. 11-ஆம் நூற்றாண்டில் அந்தலூசியாவை (அன்று முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயின்) சேர்ந்த புவியியலாளர் அல் பக்ரி அதன் தலைநகரைப் பற்றி எழுதியிருக்கிறார். இரட்டை நகரம், ஒன்றில் 12 பள்ளிவாசல்கள், மற்றொன்றில் அரசர். அரசவை நாய்களின் கழுத்தில்கூடத் தங்கமும் வெள்ளியும்! அல் பக்ரி அங்கே போனவரில்லை, போய்வந்தவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதியவர். அப்படியும் எவ்வளவு விவரம்!

ஆப்பிரிக்காவின் கதை ஐரோப்பியக் கப்பல் கரை தொட்ட நாளில் தொடங்குவதுபோல எத்தனை பாடப்புத்தகங்கள் எழுதிவைத்தன! நிமாகோ அதற்கு முந்தைய ஊர் ஒன்றை எடுத்து, நம் காலத்திலிருந்து ஆயிரம் வருடம் தள்ளி 3020-இல் வைத்து, அது நிற்காமல் வளர்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று கேட்கிறார். என்னைப் பிடித்து இழுத்தது இந்தக் கேள்விதான்.

கேள்வி: இதைத்தான் ஆஃப்ரோஃபியூச்சரிசம் என்கிறார்களா? வேறு யாரைப் பார்க்கலாம்?

பதில்: ஆமாம். கறுப்பின மக்களின் வரலாற்றையும் பண்பாட்டையும் எதிர்காலக் கற்பனையோடு இணைக்கும் கலைப்போக்கு அது. பெயர் 1990-களில் அமெரிக்க விமர்சகர் மார்க் டெரி வைத்தது. விஷயம் அதைவிடப் பழையது. ஜாஸ் கலைஞர் சன் ரா தன்னைச் சனிக்கிரகத்திலிருந்து வந்தவர் என்று சொல்லிக்கொண்டு எப்போதோ தொடங்கிவிட்டார்.

நகரம் என்றால் நான் முதலில் கை காட்டுவது காங்கோ தலைநகர் கின்ஷாசாவின் சிற்பி போடிஸ் இசெக் கிங்கெலெஸை. 2015-இல் காலமானார். அட்டை, காகிதம், காலி டப்பாக்கள், இவற்றால் வண்ண வண்ணமாக நகரங்கள் கட்டியவர். 1996-இல் செய்த 'வில் ஃபான்டோம்' படத்தைத் தேடிப் பாருங்கள். அந்த நகரத்துக்குப் போலீசும் வேண்டாம், ராணுவமும் வேண்டாம் என்று அவரே விளக்கியிருக்கிறார்.