சாயங்காலம் ஆறு மணிக்கு வருகிற நினைப்பு

கேள்வி: எனக்கு 41 வயது. அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு கிராமம். கொத்தனார் வேலை பார்க்கிறேன். பதினைந்து வருடமாகக் குடித்தவன். குடிநோய் சிகிச்சை மையத்தில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்து 72 நாள் ஆகிறது. இதுவரை ஒரு சொட்டு தொடவில்லை. பகலில் ஒன்றும் தெரிவதில்லை. சாயங்காலம் வேலை முடிந்து கை கால் கழுவியதும் நினைப்பு ஆரம்பித்துவிடுகிறது. பஸ்ஸை விட்டு இறங்கினால் பரோட்டா கடை. சால்னா வாசம் பட்டதுமே நாக்கில் எச்சில் ஊறி நெஞ்சு படபடக்கிறது. நான் இன்னும் திருந்தவில்லையா? வைராக்கியம் போதவில்லையா? அடுத்த மாதம் எங்கள் கோயில் கொடைத் திருவிழா வேறு வருகிறது. சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கிற மருந்து இருப்பதாக என் மனைவி யாரிடமோ விசாரித்து வைத்திருக்கிறாள். அது சரிதானா?

பதில்: நாக்கில் எச்சில் ஊறுவதை வைத்து உங்கள் வைராக்கியத்தை அளக்காதீர்கள். மேய்ச்சலுக்குப் போன மாடு சாயங்காலம் யாரும் ஓட்டாமலே தன் வீட்டுத் தெருவில் திரும்பும், பார்த்திருப்பீர்கள். வேலை முடிந்தது, பஸ் நின்றது, சால்னா வாசம் வந்தது, அடுத்து சரக்கு என்று பதினைந்து வருடமாக உங்கள் மூளை அதே தெருவில் திரும்பிப் பழகியிருக்கிறது. வாசம் பட்டதும் டோபமின் என்கிற ரசாயனம் சுரந்து, ‘இதோ வரப்போகிறது’ என்று உடம்பைத் தயார்ப்படுத்துகிறது. அந்தப் படபடப்பு அதனால் வருவது. 72 நாளில் இது மறக்காது, மாதக்கணக்கில் ஆகும். ஆனால் குடிக்காமல் அந்த இடத்தைக் கடக்கிற ஒவ்வொரு சாயங்காலமும் அதன் பிடி கொஞ்சம் தளர்கிறது. நீங்கள் இதுவரை 72 தடவை தளர்த்தியிருக்கிறீர்கள்.

இந்த நினைப்புக்கு ஓர் ஆயுசு உண்டு. தீனி போடாமல் விட்டால் பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடத்துக்குள் ஏறி, உச்சிக்குப் போய், இறங்கிவிடும். உச்சியில் இருக்கும்போது குடித்தால்தான் அடங்கும் என்று தோன்றும். குடிக்கிறவர்கள் ஏறும்போதே குடித்துவிடுவதால், அது தானாக இறங்குவதைப் பார்த்ததே இல்லை.

குறுக்குத்துறை முருகன் கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். தாமிரபரணி பெருகினால் கோயில் தண்ணீருக்குள் போய்விடும். ஆற்றை யாரும் தடுப்பதில்லை. தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்ததும் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வடிந்த பிறகு சகதியைக் கழுவிவிட்டு மறுபடி பூஜை நடக்கும். உங்கள் வெள்ளம் ஆறு மணிக்கு வருகிறது. ஐந்தரைக்கே நீங்கள் மேட்டில் ஏறிவிட வேண்டும்.

மேடு என்றால் முதலில் வயிறு. மதியம் சாப்பிட்டுவிட்டு வெயிலில் சாந்துச்சட்டியோடு நின்றவருக்கு ஆறு மணிக்குப் பசி பிய்த்தெடுக்கும், அந்தப் பசியே குடி நினைப்பாக வேஷம் போட்டுக்கொண்டு வரும். என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு லாரி டிரைவர், சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜையில் பிரித்துக் காட்டினார். பேப்பர் துண்டில் மடித்த பொரிகடலை, கூடவே ஒரு கருப்பட்டிச் சில்லு. சட்டைச் சூட்டில் கருப்பட்டி இளகி, பேப்பரின் அச்சு அதில் ஒட்டியிருந்தது. “இதுதான் சார் என் மருந்து. கடை போர்டு தெரியுறதுக்கு முன்னாடி வாயில போட்டுருவேன்” என்றார். குடியை விட்ட முதல் மாதங்களில் பலருக்கு இனிப்பு மேல் ஆசை வரும், பயப்பட வேண்டாம். சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் கருப்பட்டியை விட்டுவிட்டுச் சுண்டலோ வேர்க்கடலையோ வைத்துக்கொள்ளுங்கள். பசியைப் போலவே கோபம், தனிமை, அசதி மூன்றும் நினைப்பைக் கிளப்பிவிடும்.

அப்புறம் வழி. ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்து போங்கள். சனிக்கிழமைக் கூலியைக் கையில் வாங்காதீர்கள். மேஸ்திரியிடம் சொல்லி மனைவியின் வங்கிக் கணக்கில் போடச் செய்யுங்கள். கையில் கூலி, பசித்த வயிறு, ஆறு மணி, மூன்றும் சேர்ந்து வருகிற சனிக்கிழமைதான் வாரத்தில் கடினமான நாள்.

இவ்வளவு செய்தும் வந்துவிட்டதா? உட்காருங்கள். மணி பாருங்கள். அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். தொண்டையிலா, நெஞ்சிலா, உள்ளங்கையிலா? அதனோடு வாதம் பண்ண வேண்டாம். ‘ஒரே ஒரு கட்டிங்’ என்று அது பேரம் பேசும், பதில் சொன்னால் பேரம் வளரும். மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட மெல்ல விடுங்கள். மனைவிக்கோ, குடியை விட்ட ஒரு நண்பருக்கோ போன் போட்டு, “வந்திருக்கு” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய்விட்டுச் சொன்ன நினைப்புக்குப் பாதி பலம் போய்விடுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

கொடைக்குப் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் பக்கத்தில் கொடைக்கு வராதவனை ஊரே விசாரிக்கும். பகலில் குடும்பத்தோடு போங்கள், மதியக் கொடை பாருங்கள், பொங்கல் வைக்கிற இடத்தில் நில்லுங்கள். இருட்டினதும் கிளம்பி, வெளியூரில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள். சாமக்கொடையை அடுத்த வருடம் பார்க்கலாம். படையலில் சாராயம் வைக்கிற கோயில் என்றால், அது உங்கள் கைக்கு வராதபடி பெரியவர் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கூட்டாளிகள் “இன்னைக்கு ஒருநாள்தானல” என்று இழுத்தால், “மாத்திரை சாப்பிடுதேன், டாக்டர் தொடவே கூடாதுன்னுட்டாரு” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இனி உங்கள் மனைவி விசாரித்த மருந்து. தயவுசெய்து வேண்டாம். அப்படிக் கலந்து கொடுக்கப்படுவது பெரும்பாலும் டைசல்ஃபிராம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு அடித்து, ரத்த அழுத்தம் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். விஷயம் தெரிந்து, பரிசோதனை செய்து, சம்மதித்துச் சாப்பிடுகிறவருக்கு மட்டுமே அதைக் கொடுக்கலாம். உங்கள் மனைவியின் பயம் எனக்குப் புரிகிறது. அவரையும் அழைத்து வந்து மருத்துவரிடம் உட்காரவையுங்கள். நினைப்பையே குறைக்கிற மருந்துகள் தனியாக இருக்கின்றன. நால்ட்ரெக்ஸோன் கொடுக்கும் முன் கல்லீரலையும், அகாம்ப்ரோசேட் கொடுக்கும் முன் சிறுநீரகத்தையும் ரத்தப் பரிசோதனையில் பார்ப்பார்கள். டிரமடால் மாதிரி வலி மாத்திரை எடுக்கிறவர் நால்ட்ரெக்ஸோன் சாப்பிடக் கூடாது, அதை மறைக்காமல் சொல்லுங்கள். தூக்கம் வரவில்லை என்று மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை கேட்காதீர்கள், அது இன்னொரு அடிமைத்தனம். ஆயுர்வேத மருந்துகளான அரிஷ்டங்களிலும் ஆல்கஹால் உண்டு, தசமூலாரிஷ்டம் உட்பட.

ஒருவேளை தவறிவிட்டால், ‘எல்லாம் போச்சு’ என்று பாட்டிலை முடிக்க உட்காராதீர்கள். அன்றைக்கே மனைவியிடமும் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். பல நாள் தொடர்ந்து குடித்துவிட்டால் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தவும் கூடாது. முதல் மூன்று நாளுக்குள் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

கொடைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. இந்த வாரமே ஒரு நாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, மனைவியோடு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்கள். சிகிச்சை மையத்தில் கொடுத்த சீட்டையும் இப்போது சாப்பிடுகிற மாத்திரைகளையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி யாரும் கிடைக்காத நேரத்தில் நினைப்பு வந்தால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். போதை மீட்புக்கென்றே உள்ள எண் 14446. இரண்டையும் இன்றைக்கே போனில் பதிந்துகொள்ளுங்கள், உங்கள் மனைவியின் போனிலும்.