உயிருள்ள பாம்பைப் பள்ளிக்குக் கொண்டுவந்து காட்டினால் பிள்ளைகளுக்குக் காட்டுயிர்ப் பாதுகாப்பு புரியுமா?

பயம் குறையும். பாதுகாக்க வேண்டும் என்ற எண்ணம் அதோடு சேர்ந்து தானாக வந்துவிடாது. காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சராக இருக்கிறேன். பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் பாம்புக்குப் பஞ்சமில்லை. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் பின்கட்டில் உடைந்த ஓடும் பழைய மரச்சாமானும் குவிந்திருக்கும். அங்கே எலி, எலியைத் தேடிச் சாரை. பார்த்தவுடன் கம்பைத் தேடுவதுதான் வழக்கம். அதனால் பாம்பு பிடிக்கும் ஒருவரைப் பள்ளிக்கு அழைக்கிறோம் என்றபோது எனக்கும் சந்தோஷம்தான்.

சாக்கிலிருந்து அவர் எடுத்தது நல்ல நீளமான ஒரு சாரை. முன்வரிசை மொத்தமும் பெஞ்சு மேல் ஏறிவிட்டது. ஒருத்தி மட்டும் இறங்காமலே கேட்டாள்: "சாரையும் நல்லபாம்பும் சேரும்னு எங்க அப்பத்தா சொல்லுச்சே, நெசமா?" அவர் பொறுமையாகச் சொன்னார். அவை வேறு வேறு இனம், சேராது. பின்னிக்கொண்டு நிமிர்ந்து நிற்பது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் மல்லுக்கு நிற்பதுதான். சாரைக்கு விஷம் கிடையாது, எலி பிடித்துத் தருகிற பாம்பு. அத்தோடு நிறுத்தியிருந்தால் அருமையான வகுப்பு. வீட்டுக்குப் போய் "இது சாரை, அடிக்காதீங்க" என்று சொன்ன பிள்ளைகள் உண்டு. அந்தப் பலனை நான் மறுக்கவில்லை.

அப்புறம் போட்டோ படலம் தொடங்கியது. ஒவ்வொருவர் கழுத்திலும் மாலை மாதிரி பாம்பு. ஒரு பையன் சட்டையில் அது நாற்றமடிக்கும் திரவத்தைப் பீய்ச்சியது. எல்லோரும் சிரித்தார்கள். மிரண்டுபோன பாம்பு செய்கிற வேலை அது என்று யாரும் சொல்லவில்லை. அதே மாதத்தில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கம்மாய்க் கரையிலிருந்து விஷமில்லாத ஒரு நீர்க்கோலியை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். கையில் ரத்தம். "அந்த அண்ணன் மாதிரியே பிடிச்சேன் டீச்சர்!" நீர்க்கோலி கடித்தால் ராச்சோறு கிடையாது என்கிற அளவோடு போயிற்று. கண்ணாடி விரியன் குட்டியாக இருந்திருந்தால்?

பிள்ளைகள் பாம்பைவிட, பாம்பைப் பிடித்த ஆளைத்தான் மனதில் வாங்கியிருக்கிறார்கள். இது நம் ஊர்க் கோளாறு மட்டுமில்லை. கிச்சுக்கிச்சு மூட்டினால் கையைத் தூக்கும் 'ஸ்லோ லோரிஸ்' என்கிற ஆசியத் தேவாங்கின் வீடியோ 2009 வாக்கில் உலகம் முழுக்கச் சுற்றியது. அதன் அடியில் வந்த கருத்துகளில் பலர் 'எனக்கும் ஒன்று வேண்டும்' என்றே எழுதியிருந்ததாகப் பின்னாளில் ஆய்வு வந்தது. அந்த விலங்குக்கு விஷச்சுரப்பி கையின் மேற்பகுதியில் இருக்கிறது. கையைத் தூக்குவது தற்காப்புக்கு, கொஞ்சலுக்கு இல்லை.

சட்டமும் இருக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பிடித்த பாம்பை வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் காட்சி நடத்த முடியாது. வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று பள்ளிதான் முதலில் கேட்க வேண்டும்.

நேரடிக் காட்சியே கூடாது என்பது என் கட்சி இல்லை. நான் பார்த்ததிலேயே சிறந்தது, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுத்துக் காட்டுவது. சுற்றுலாவில் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்தோம். வாயில் துணி கட்டிய மண்பானைகள் வரிசையாக இருக்கும். பானைக்கு உள்ளே பாம்பு. ஒரு இருளர் கம்பியால் பாம்பை வெளியே எடுத்து, தலையைப் பிடித்து, குடுவையின் வாயில் கடிக்க வைக்கிறார். மஞ்சளாகச் சில துளி இறங்குகிறது, அவ்வளவுதான். பாம்புத் தோல் வியாபாரம் தடைபட்டுப் பிழைப்பு போன மக்களுக்காக 1978இல் தொடங்கிய சங்கம் அது. ஒரு பாம்பைச் சில வாரம்தான் வைத்திருப்பார்கள். நாலு முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டித் திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். இந்த விஷத்திலிருந்துதான் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்குமான முறிமருந்து தயாராகிறது. யாரும் எதையும் தொடவில்லை. ஆனாலும் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே பேச்சுதான்.

அவ்வளவு தூரம் போக வசதியில்லையா? எங்கள் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர்ப் பக்கம் இருக்கவே இருக்கிறது வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். 1977இல் அறிவித்தது. நத்தைக்குத்தி நாரை, பாம்புத்தாரா, கரண்டிவாயன் எல்லாம் கண்மாய்க்குள் நிற்கிற மரங்களில் கூடு கட்டும். நத்தைக்குத்தியின் இரண்டு அலகுக்கும் நடுவே தெரிகிற இடைவெளியைப் பைனாகுலரில் பார்த்துவிட்டு, "வாயே மூடாதா டீச்சர்?" என்று கேட்காத பிள்ளை கிடையாது. சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி ஊர்க்காரர்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எங்கள் பையன்கள் அந்த ஊர்ப் பையன் ஒருவனிடம் காரணம் கேட்டார்கள். "குஞ்சு பயந்து கீழ விழுந்துரும்ல" என்றான், இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற முகத்தோடு. நான் ஒரு வருடம் பாடம் நடத்தினாலும் அந்த மாதிரிச் சொல்ல வராது.

போவதாக இருந்தால் கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். மழை ஏமாற்றிய வருடம் போய்ப் பயனில்லை. மழைக்காலம் முடிந்த கையோடு, காலை வெயில் ஏறுமுன் போவது நல்லது. பஸ்ஸைக் கரையிலிருந்து தள்ளி நிறுத்தச் சொல்லி, ஹாரன் அடிக்க வேண்டாம் என்று டிரைவர் அண்ணனிடம் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.