அறிக்கையில் ‘எச்’ என்று இருந்தால் கல்லீரல் கெட்டுவிட்டதாகப் பொருளா?

கேள்வி: என் வயது 21. உடலில் எந்தத் தொந்தரவும் இல்லை. வேலையில் சேர்வதற்காக இரத்தப் பரிசோதனை செய்தபோது பிலிருபின் 1.9 என்று தடித்த எழுத்தில் வந்து, பக்கத்தில் ‘எச்’ என்ற குறியும் இருந்தது. மற்ற அளவுகள் சரியாகவே உள்ளன. இணையத்தில் தேடினால் கல்லீரல் சுருக்கம் என்கிறார்கள். ஆய்வக முகவர் ஒருவர் உடனே பெரிய பரிசோதனைத் தொகுப்பு ஒன்றை எடுக்கச் சொல்கிறார். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ‘எச்’ என்பது நோயின் பெயரன்று; ‘உயர்வு’ என்று பொருள்படும் ‘ஹை’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. உங்கள் அளவு ஆய்வகத்தின் எல்லையைத் தாண்டியிருக்கிறது என்பதற்காகக் கணினி தானாக இட்ட குறி. பெரும்பாலான பரிசோதனைகளில், நலமாயுள்ள பலரின் அளவுகளைத் திரட்டி, அவர்களுள் நடுவில் அமையும் 95 சதவீதத்தினரை எல்லைக்குள் வைப்பதே வழக்கம். அப்படியானால் நலமாயிருப்பவர்களிலேயே 20 பேரில் ஒருவர் எல்லைக்கு வெளியே நிற்பார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை ஒரே நாளில் செய்துகொண்டால், எந்த நோயும் இல்லாதவருக்கும் ஏதாவது ஒன்றில் குறி விழும் வாய்ப்பு ஏறத்தாழ 64 சதவீதம். முகவர் விற்க வரும் தொகுப்பில் எத்தனை பரிசோதனைகள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். புதிய குறிகளும் அவற்றைத் தொடர்ந்து அடுத்த தொகுப்பும் எங்கிருந்து வரும் என்பது விளங்கும்.

இனி உங்கள் பிலிருபினுக்கு வருவோம். சுமார் 120 நாள் வாழ்ந்து முடிந்த சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் மஞ்சள் பொருள் அது; கல்லீரல் அதைப் பதப்படுத்திப் பித்தநீரோடு வெளியேற்றுகிறது. பதப்படுத்தும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே மந்தமாக இருக்கும். இதைக் கில்பர்ட் நிலை என்பார்கள். 1901ஆம் ஆண்டிலேயே விவரிக்கப்பட்டது. நூற்றில் 3 முதல் 7 பேருக்கு இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. பெரும்பாலும் பருவமடைந்த பின்னரே வெளிப்படுகிறது. இது கல்லீரலைக் கெடுப்பதில்லை, இதற்கு மருந்தும் தேவையில்லை. பட்டினி, காய்ச்சல், தூக்கமின்மை, கடும் உடற்பயிற்சி ஆகியவற்றின்போது அளவு ஏறும், பிறகு தானே இறங்கும். இரத்தம் கொடுக்குமுன் இரவு முழுவதும் வெறும் வயிற்றில் இருந்தீர்களா என்பதை யாரும் உங்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஒரு விலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சிவப்பணுக்கள் தம் காலத்திற்கு முன்பே வேகமாகச் சிதைந்தாலும் இதே வகைப் பிலிருபின்தான், அதாவது கல்லீரல் இன்னும் பதப்படுத்தாத வகைதான், உயரும். அப்போது குறை கல்லீரலில் இல்லை, இரத்தத்தில் இருக்கிறது. ஆகவே ‘மற்றவை சரி’ என்று நீங்கள் எழுதியதில் ஹீமோகுளோபின் அடங்குகிறதா என்று பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருப்பது மட்டும் போதாது, ஏனெனில் எலும்பு மஜ்ஜை வேகமாகப் புதிய அணுக்களை உண்டாக்கி இழப்பை ஈடுகட்டிக்கொண்டிருக்கலாம். இளம் சிவப்பணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் அது தெரிந்துவிடும். உறவினர் யாருக்காவது சிறு வயதிலேயே பித்தப்பைக் கல்லோ மீண்டும் மீண்டும் இரத்தசோகையோ இருந்திருந்தால், அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

முகவரைவிட எனக்கு அதிக அச்சம் தருபவர்கள், கல்லீரலைச் ‘சுத்தம்’ செய்வதாகச் சொல்லிப் பொடியும் மாத்திரையும் விற்பவர்கள். கல்லீரலுக்கு அப்படியொரு சுத்தம் தேவையில்லை. செறிவூட்டிய பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரைகளால் கல்லீரல் அழற்சி ஏற்பட்டது மருத்துவ இதழ்களில் பலமுறை பதிவாகியுள்ளது. கெடாத கல்லீரலுக்கு மருந்து தேடிப்போய் அதைக் கெடுத்துக்கொள்ளும் இளைஞர்களைக் காணும்போது எனக்கு வருத்தத்தோடு கோபமும் வருகிறது. அந்தக் கோபம் அவர்கள்மீதன்று. விளக்கம் சொல்ல ஓர் ஆளில்லாமல், பரிசோதனை முடிவை நள்ளிரவில் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டுக் கடமை முடிந்ததாகக் கருதும் ஏற்பாட்டின்மீது. ‘தனியாகச் சற்று உயர்வு, மருத்துவரிடம் காட்டவும், அவசரமில்லை’ என்று ஒரு வரி அச்சிட எவ்வளவு மை செலவாகிவிடும்?

ஆகவே தொகுப்பை விட்டுவிட்டு, அறிக்கையோடு ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். பதப்படுத்தியது, பதப்படுத்தாதது என்ற பிலிருபினின் இரு வகைகளையும் பிரித்துப் பார்க்க வேண்டுமா, இளம் சிவப்பணுக்களின் எண்ணிக்கை தேவையா, வழக்கம்போல் உணவு உண்ட நாளொன்றில் மறுபடி எப்போது அளக்க வேண்டும் ஆகிய மூன்றையும் கேளுங்கள். அவர் சொன்னதை, நீங்கள் புரிந்துகொண்டபடி உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லி, ‘சரிதானா’ என்று கேளுங்கள். தவறாக விளங்கிக்கொண்டிருந்தால் அங்கேயே திருத்தப்படும். சிறுநீர் அடர்நிறமாகவோ, மலம் வெளிறியோ, உடலில் அரிப்போ, வலது விலாவின் கீழ் வலியோ இருந்தால் மட்டும் காத்திருக்காமல் அன்றைக்கே செல்லுங்கள்.