கடற்கரை ஹோட்டலில் குடும்பமாகத் தங்க: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு பிள்ளைகளைக் கடற்கரை ஹோட்டல் ஒன்றுக்குக் கூட்டிப்போக யோசிக்கிறோம். சாப்பாடு, குடிபானம் எல்லாம் அடங்கிய 'ஓல் இன்குளூசிவ்' எடுக்கச் சொல்கிறார்கள். பெந்தோட்டையா, பாசிக்குடாவா?
— வாசகி, கோண்டாவில்

பதில்: திருவிழா முடியும் ஓகஸ்ட் – செப்டெம்பர் காலம் என்றால் கிழக்குக் கரையில் உள்ள பாசிக்குடாதான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று தென்மேற்குக் கரையில் உள்ள பெந்தோட்டை, பேருவளை, களுத்துறைக் கடலைக் கொந்தளிக்க வைக்கும். பல நாள் சிவப்புக் கொடி பறக்கும். அந்த மாதங்களில் அங்கே அறை மலிவாகக் கிடைப்பது இதனால்தான். கடலை எட்டிப் பார்த்துவிட்டு நீச்சல் தடாகத்தோடு திரும்பச் சம்மதம் என்றால் தாராளமாகப் போங்கள். டிசம்பர் விடுமுறைக்குக் கணக்கு தலைகீழ்: வடகீழ்ப் பருவமழை கிழக்கில் கொட்டும், தெற்குக் கடல் அடங்கியிருக்கும்.

பாசிக்குடாக் குடாவை முருகைக்கல் தடுத்து நிற்பதால் அலை குறைவு. இடுப்பளவு தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். இதை நம்பிக்கொண்டு பக்கத்துக் கல்குடாவில் பிள்ளைகளை இறக்கிவிடாதீர்கள். அங்கே அலையும் இழுவையும் கூடுதல்.

வான் வண்டியில் போவதானால் வவுனியா, மதவாச்சி, மிகிந்தலை, மரதன்கடவல, ஹபரணை, பொலன்னறுவை, வாழைச்சேனை என்று ஏறத்தாழ 350 கிலோமீற்றர்; ஆறு, ஏழு மணித்தியாலம். விடிய 5 மணிக்கு வெளிக்கிட்டால் மதியத்துக்குள் போய்ச் சேரலாம். அறைச் சாவி 2 மணிக்குத்தான் கிடைக்கும். ஆனால் கையில் விருந்தினர் அடையாளப் பட்டி கட்டினதும் சாப்பாட்டுக்கும் தடாகத்துக்கும் விடுகிற ஹோட்டல்கள் உண்டு. ஆகவே நீச்சலுடையைப் பெரிய பெட்டியின் அடியில் வைக்காமல் தனிப் பையில் எடுங்கள். திரும்பி வரும்போது மின்னேரியா – ஹபரணைப் பகுதியைப் பொழுதுபட முன் தாண்டிவிடுங்கள். அந்திக்கு யானை வீதிக்கு வரும்.

கேள்வி: ஓர் அறைக்கு இரவொன்றுக்கு "ஒரு லட்சம் பிளஸ் பிளஸ்" என்றார்கள். அந்தப் பிளஸ் எவ்வளவு? கனடாவிலிருந்து தங்கை குடும்பமும் வருகிறது. அவர்களுக்கும் இதே விலைதானா?
— வாசகர், மானிப்பாய்

பதில்: முதல் பிளஸ் 10 சதவீதச் சேவைக் கட்டணம், இரண்டாவது வரி. சேவைக் கட்டணத்தையும் கூட்டிவிட்டுத்தான் அதன்மேல் வற் (பெறுமதிசேர்) வரி போடுவார்கள். 2024 ஜனவரி முதல் வற் 18 சதவீதம். ஆகவே 1,00,000 முதலில் 1,10,000 ஆகி, பிறகு 1,29,800 ஆகும். மூன்று இரவுக்குக் கிட்டத்தட்ட 90,000 ரூபா வித்தியாசம். இரண்டு ஹோட்டல்களை ஒப்பிடும்போது இரண்டிடமும் "எல்லா வரியும் சேர்த்து எவ்வளவு?" என்று கேளுங்கள்.

தங்கை குடும்ப விடயத்தில்தான் கவனம் தேவை. உங்களுக்குச் சொன்னது தேசிய அடையாள அட்டை உள்ள உள்ளூர்வாசிகளுக்கான விலை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு விலை வேறு, பெரும்பாலும் டொலரில். ஓர் அறையில் இரு சாராரும் கலந்திருந்தால் அறை முழுவதற்கும் வெளிநாட்டு விலை கேட்கும் இடங்கள் உண்டு. அம்மா பேரப்பிள்ளையோடு படுக்கட்டும் என்று ஆசைப்பட்டு அவரைத் தங்கையின் அறையில் பதிந்தால் இந்தச் சிக்கல் வரும். யார் எந்த அறையில் என்பதை அட்டையையும் கடவுச்சீட்டையும் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களை எப்படிக் கணக்கிடுவார்கள் என்பதை முற்பணம் கட்ட முன் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். வரவேற்பு மேசையில் நின்று "தொலைபேசியில் அப்படித்தானே சொன்னீர்கள்" என்று கதைத்துப் பயனில்லை.

பிள்ளைகளின் வயதெல்லை ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும். 6 வயதுக்குக் கீழ் இலவசம், 12 வரை பாதி என்பது பரவலான வழக்கம். போய்ச் சேரும் நாளில் உள்ள வயதையே பார்ப்பார்கள். பிறப்புச் சான்றிதழின் படம் ஒன்று கைத்தொலைபேசியில் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. ஓல் இன்குளூசிவ் எடுப்பது வீண்தானே?
— வாசகி, பருத்தித்துறை

பதில்: பெரும்பாலும் வீண்தான். மதுவைக் கழித்தால் மிஞ்சுவது மதியச் சாப்பாடு, மாலைத் தேநீர், சோடா, பழச்சாறு. காலையும் இரவும் மட்டும் அடங்கிய 'ஹாவ் போர்ட்' விலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, ஹோட்டலின் மதிய பஃபே விலையோடு ஒப்பிடுங்கள். மூன்று வேளையும் அடங்கிய 'ஃபுல் போர்ட்' உங்களுக்குப் பொருந்தும். பாசிக்குடா ஹோட்டல் வரிசையில் வெளிக்கடைகள் குறைவு. மலிவாகச் சாப்பிட வாழைச்சேனைப் பக்கம் போகவேண்டும்.

எல்லாம் அடங்கியது என்றாலும் மினிபார், இறக்குமதி மது, சிங்க இறால், சலவை, மசாஜ், ஜெட் ஸ்கீ போன்ற இயந்திர விளையாட்டு வழக்கமாகக் கணக்கில் ஏறும். போயா (பௌர்ணமி) நாளில் மது பரிமாறமாட்டார்கள். அதற்காகக் காசும் திரும்பாது.

கேள்வி: நாங்கள் சைவம். பஃபேயில் எதை நம்பி எடுக்கலாம்?
— வாசகர், நல்லூர்

பதில்: மரக்கறி மேசையில் இருக்கிறது என்பதற்காக எடுத்துவிடாதீர்கள். தெற்குச் சமையலில் தேங்காய்ச் சம்பல், கட்டச்சம்பல் இரண்டிலும் மாசி இடிப்பது வழக்கம். மாசி என்பது அவித்து உலர்த்திய சூரை மீன். நன்றாக இடித்தால் கண்ணுக்குப் படாது. வறைக்கும் பருப்புக்கும் கூடச் சில சமையற்காரர் போடுவார்கள். "இது மரக்கறியா?" என்று கேட்டால் பரிமாறும் பெடியன் "ஓம்" என்பான், அவன் கணக்கில் மாசி ஒரு வாசனைப் பொருள். "மாசி போட்டதா?" என்று நேரே கேளுங்கள், சிங்களத்தில் 'உம்பலகட'. வட்டிலப்பத்தில் முட்டை. ஜெலி, மூஸ் வகையில் மாட்டு ஜெலற்றின் இருக்கலாம். முதல் நாளே தலைமைச் சமையற்காரரைக் கண்டு சொன்னால், பெரிய ஹோட்டல்களில் தனியாகச் சமைத்துத் தருவார்கள்.

கேள்வி: ரீ-சேர்ட்டோடு தடாகத்தில் இறங்க விடமாட்டார்களாம், உண்மையா? பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தால்?
— வாசகி, சாவகச்சேரி

பதில்: உண்மை. பருத்தித் துணியின் நார் வடிகட்டியை அடைக்கும். நனைந்தால் பாரமாகி ஆளையும் இழுக்கும். முழுக்கை, முழுக்கால் மூடிய லைக்ரா உடை வாங்கினால் பெண்களும் கூச்சமின்றி இறங்கலாம். கையில் மாட்டும் காற்றுப் பட்டிகளை உயிர்காப்பாக நம்பவேண்டாம், அவை கழன்றுவிடும். நீந்தத் தெரியாத பிள்ளை எப்போதும் ஒரு பெரியவரின் கை எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். மூழ்கும் பிள்ளை சத்தம் போடாது.

வயிற்றுக்கு: ஆவி பறக்காத கறி, வெகுநேரம் வெளியில் கிடந்த மயோனைஸ் சலட் இரண்டையும் தவிருங்கள். ஜீவனி (வயிற்றோட்டத்துக்கு நீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) நான்கைந்து பைகள் கொண்டுபோங்கள். ஒரு பையை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்து, 24 மணித்தியாலத்துக்குள் முடிக்கவேண்டும். அரைப் பை, ஒரு கப் என்று கண்மட்டத்தில் கரைத்தால் உப்பு அளவு பிழைக்கும்.

கேள்வி: அம்மம்மாவுக்கு முழங்கால் வருத்தம். அவரையும் கூட்டிப்போகலாமா?
— வாசகர், உடுவில்

பதில்: கூட்டிப்போகலாம். பெரிய ஹோட்டல்களில் அறைக்கும் சாப்பாட்டு மண்டபத்துக்கும் இடையே நடை கனக்க. கீழ்த்தளம், மண்டபத்துக்குக் கிட்ட, குளியல் தொட்டி இல்லாத அறை: மூன்றையும் முற்பதிவிலேயே கேளுங்கள். தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் கால் வைப்பதுதான் அவருக்கு ஆபத்து. "முயற்சிக்கிறோம்" என்று பதில் வந்தால் அறை உறுதியாகவில்லை. போகும் தினத்துக்கு இரண்டு நாள் முன்னர் மறுபடியும் அழைத்துக் கேளுங்கள்.