பாடாத பாசிக்கு யார் பேசுறது?

கேள்வி: எங்க பிளாக் கீழ மைனாவாவது காலைல பாடுது. பாடத் தெரியாத பாசி ஒண்ணு அழிஞ்சா யாருக்கு நஷ்டம்? போன மாசம் புக்கித் தீமா காட்டுல கொஞ்சம் சுரண்டிட்டு வந்து கண்ணாடி ஜாடில வச்சேன், இன்னும் பச்சையாத்தான் இருக்கு. (ஒரு வாசகர், ஈசூன், சிங்கப்பூர்)

பதில்: முதல்ல, காப்புக்காட்டுல இருந்து செடி எதையும் எடுக்கக்கூடாது, சட்டப்படி குத்தம். இனிமே செய்யாதீங்க.

அப்புறம் மைனா. காப்பிக்கடைல நீங்க பாக்குறது பெரும்பாலும் ஜாவா மைனா, இந்த ஊர்ப் பறவையே இல்ல, 1920கள்ல கூண்டுப் பறவையா வந்து பெருகிடுச்சு, தட்டுல மிச்சம் கிடக்குற சோத்தத் தின்னும், கட்டட சந்துல கூடு கட்டும், சாயங்காலமானா ரோட்டோர மரத்துல கூட்டமா அடையும். ஆனா அதோட சொந்த ஊர்ல பிடிச்சுப் பிடிச்சு வித்ததுல இப்ப அது உலகச் சிவப்புப் பட்டியல்ல அழியுற ஆபத்துல உள்ள பறவையா இருக்கு. இங்க கொட்டிக் கிடக்குற பறவை அங்க அரிது. அதுக்காவது போய்ப் பொழைக்க இன்னொரு ஊர் கிடைச்சுது.

பாசிக்கு அது கிடையாது. நான் சொல்றது வாய்க்கால்ல வழுக்குற பாசி இல்ல (தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே பேர், பாதி அலட்சியம் அதனாலதான்னு நினைக்கிறேன்), தண்டும் இலையும் உள்ள குட்டிச் செடி. வேர் இல்ல, தண்ணிய இலை வழியாத்தான் குடிக்கும், அந்த இலையும் பல வகைல ஒரே ஒரு செல் கனம்தான். சுவர்ல வளர்ற வகை காஞ்சு போனாலும் மழை பெஞ்சா முழிச்சுக்கும், ஆனா அடர்காட்டு ஓடையோரக் கல்லுல இருக்குறது பலதுக்கு அந்தத் தெம்பு இல்ல, மேல நிழல் குடுக்குற மரத்த வெட்டினாலே போதும், பாசியத் தொடக்கூட வேணாம். இந்தத் தீவோட பழைய காட்டுல நூத்துக்கு 95 பங்குக்கு மேல போயாச்சு, புக்கித் தீமா காப்புக்காடே சுமார் 163 ஹெக்டேர்தான். பூவும் இல்ல விதையும் இல்ல, அதுக்குப் பதிலா இருக்குற தூளாட்டம் சிதல் (ஸ்போர்) காத்துல பறந்து போனாலும் இறங்குற இடம் ஈரமும் நிழலுமா இருக்கணுமே, கார்பார்க்குல இறங்கி என்ன பண்ணும்?

நீங்க சுரண்டுனது எந்த வகைன்னு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, ஒரு கையளவுலேயே ரெண்டு மூணு வகை கலந்திருக்கலாம், லென்ஸ் வச்சாத்தான் பிரிக்க முடியும். மைனா குறைஞ்சா சத்தத்தக் காணோமேன்னு ஈசூன்ல யாராச்சும் கேப்பாங்க, பாசி போனா கேக்க ஆளில்ல, அதனாலதான் இவ்ளோ எழுதுறேன். ஜாடில பச்சை வேணும்னா மீன்தொட்டிக் கடைல ஜாவா மாஸ்னு ஒரு பாசிய வளத்து விக்கிறாங்க, அத வாங்கி வைங்க.